செட்டிநாட்டுக் கண்மாய்க் கரையில் நடப்பது எப்படி? முதல்முறை வருவோருக்கு

காரைக்குடிக்கு வரும் விருந்தாளிகளின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று எனக்கு மனப்பாடம். காலையில் பிள்ளையார்பட்டி. பத்து மணிக்குக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. மதியம் இலைச் சாப்பாடு. அப்புறம் ஆத்தங்குடியில் டைல்ஸ் வார்ப்பதைப் பார்த்துவிட்டு, மாலையில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைச் சாமானுக்குப் பேரம். எல்லாம் காரில். கார்க் கண்ணாடிக்கு வெளியே ஒரு மண் கரை, கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண் என்று ஒவ்வோர் ஊர் எல்லையிலும் வந்து வந்து போகும். யாரும் இறங்குவதில்லை.

இந்தப் பதிவு இறங்கி நடக்க நினைப்பவர்களுக்கு. மூச்சு வாங்க வைக்கும் வேலை இதில் கிடையாது. கண்மாய்க் கரை சமமாக இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையும் எழுபது வயது அப்பத்தாவும் சேர்ந்தே நடக்கலாம். இரண்டு மணி நேரம் கையில் இருந்தால் போதும். ஒரே ஒரு யோசனையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடங்கள். வற்றாத ஆறு இல்லாத சீமை இது. இங்கே கோட்டையோ கோயிலோ நாலு கட்டு வீடோ, எதுவாக இருந்தாலும் தண்ணீரை விசாரித்துவிட்டுத்தான் இடம் பிடித்திருக்கிறது. தண்ணீரின் பின்னால் போனால் பழைய கட்டடமெல்லாம் தானாக வழியில் வரும்.

படி 1: ஊருணி வேறு, குளம் வேறு, கண்மாய் வேறு

வெளியூர்க்காரர்கள் மூன்றையும் ஏரி என்று சொல்லிவிடுவார்கள். உள்ளூரில் அப்படிச் சொன்னால் வழி கேட்கும்போதே குழப்பம் வரும்.

கண்மாய் என்பது வயலுக்கான தண்ணீர். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் நீளமாக ஒரு மண் கரை போட்டிருப்பார்கள். மேட்டிலிருந்து வழிந்து வரும் மழை அந்தக் கரையில் முட்டி நிற்கும். மற்ற பக்கங்களில் கரை கிடையாது. தண்ணீர் மெலிந்து மெலிந்து புல்லோடு கலந்துவிடும். நாம் நடக்கப்போவது இந்தக் கரையின் மேல்தான்.

ஊருணி குடிப்பதற்கானது. ஊருக்குள் சதுரமாகத் தோண்டி, படி கட்டி, மாடு இறங்காமல் இருக்கச் சுற்றுச்சுவர் வைத்திருப்பார்கள். பல ஊருணிகளின் படியும் சுவரும் செம்புறாங்கல். மழை நனைத்த மறுநாள் காலை அந்தக் கல்லைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக, உலராத ரத்தச் சிவப்பில் இருக்கும். ஊருணிக் கரையில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். படியில் இறங்கிக் கால் நனைப்பது, வாய் கொப்பளிப்பது எல்லாம் கூடாது. சில ஊர்களில் இன்றைக்கும் அதுதான் குடிதண்ணீர்.

குளம் பெரும்பாலும் கோயிலுடையது. கோயில் நடை திறந்திருக்கும் நேரம்தான் அதற்கும் நேரம்.

படி 2: மாதத்தைப் பிடியுங்கள்

இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. ஐப்பசியும் கார்த்திகையும் மழை. அப்போது கரை வழுக்கும், களிமண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒரு காலே இரண்டு கிலோ கனக்கும். மார்கழி பாதியிலிருந்து மாசி முடிய நடப்பதற்கு நல்ல காலம். தண்ணீர் நிறைந்திருக்கும், காலையில் பனி இருக்கும், வயலில் நெல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கும்.

பங்குனி, சித்திரையில் பல கண்மாய்கள் வற்றிவிடும். தண்ணீர்க் காட்சி வேண்டுமென்றால் அப்போது வராதீர்கள். ஆனால் எனக்கென்னவோ வற்றிய கண்மாயும் பிடிக்கும். நிறைந்திருக்கும்போது கழுத்து வரைக்கும் மறைந்திருந்த கல் வேலைப்பாடெல்லாம் அப்போதுதான் அடி வரை தெரியும். கடைசித் தண்ணீர் குழம்பும் நாளில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழாவும் நடத்துவார்கள். வெள்ளைத் துண்டு வீசியதும் நூற்றுக்கணக்கான பேர் ஊத்தாக் கூடையோடும் வலையோடும் ஒரே சமயத்தில் இறங்குவார்கள். அது உங்கள் நல்ல காலத்தைப் பொறுத்தது. தேதி பார்த்து வர முடியாது. தண்ணீர் மட்டத்தைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் திடீரென்று சொல்வார்கள்.

நேரம்: காலை ஆறரைக்குக் கரையில் இருங்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வட்டாரத்தில் நிலம் கடலைப் பார்த்துக் கிழக்காகவும் தென்கிழக்காகவும் சரிகிறது. கரை தாழ்ந்த பக்கம் இருப்பதால் பெரும்பாலான கண்மாய்களில் தண்ணீர் கரைக்கு மேற்கே கிடக்கும். காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் முதுகுப் பக்கம். கண் கூசாது, படமும் தெளிவாக வரும். சூரியன் தண்ணீரில் விழுவதைப் பார்க்க ஆசையென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். ஒன்பதரைக்கும் நாலுக்கும் நடுவில் மாசியில்கூட வெயில் மண்டையைப் பிளக்கும்.

படி 3: வரைபடத்தில் கரையைக் கண்டுபிடிக்க

கைப்பேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைத் தேடி, கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். வில் மாதிரி வளைந்த ஒரு பச்சைக் கோடு தெரியும். அது கரையும் கரை மரங்களும். வில்லின் ஒரு பக்கம் நீலமோ பழுப்போ தெரிந்தால் அது உள்வாய், தண்ணீர் நிற்கும் இடம். மறுபக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால் அது வயல். பாரியின் பறம்பு நாட்டைப் பாடிய பழம்பாட்டு ஒன்று, அங்கிருந்த சிறுகுளத்தின் கரையை எட்டாம் நாள் நிலவுக்கு ஒப்பிடும். அந்தப் பறம்பு மலை இதே சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் என்பார்கள். மேலிருந்து எடுத்த படம் இல்லாத காலத்தில் அந்த வளைவு எப்படித்தான் கண்ணில் பட்டதோ! குன்றின்மேல் நின்று பார்த்திருக்க வேண்டும்.

வில்லின் இரண்டு முனைகளில் எது தார்ச்சாலைக்குக் கிட்ட இருக்கிறதோ அங்கே ஏறுங்கள். அதே வழியில் திரும்பி வாருங்கள். முதல் நாள் போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர் போதும். நின்று நின்று பார்க்கிற நடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு அரை மணி வையுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வரைபடம் காட்டும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, திரையில் தெரிந்த ஒற்றையடிப் பாதையை நம்பிக் கண்மாய்க்குள் இறங்கினேன். கோடையில் ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த தடம் அது. படமும் கோடையில் எடுத்தது போலிருக்கிறது. மேலே மண் ஓடு மாதிரி வெடித்துக் காய்ந்திருந்தது. பத்தடி போனதும் ஓடு உடைந்து வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. காலை உருவிவிட்டேன். செருப்பு வரவில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா தொரட்டிக் கம்பை நீட்டிக்கொண்டே கேட்டார்: “கரை இருக்கையில உள்வாய்க்குள்ள எதுக்கு அப்பு இறங்குனீக?” என்னிடம் பதில் இல்லை. ஒற்றைச் செருப்போடு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன். அன்றிலிருந்து கரையை விட்டு இறங்குவதில்லை.

படி 4: காலுக்கு, தலைக்கு, பைக்கு

இந்த ஊர் நடையில் பாம்பைவிட முள்தான் அன்றாட எதிரி. கரையெங்கும் சீமைக் கருவேல மரம். அதன் முள் காய்ந்து விழுந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ரப்பர் செருப்பை அது ஊசி போலத் துளைத்து ஏறும். அடிப்பாகம் தடிமனான ஷூ போடுங்கள், இல்லாவிட்டால் லாரி டயரில் தைத்த செருப்பு இன்றைக்கும் சந்தையில் கிடைக்கிறது, அது இன்னும் நல்லது. முழுக்கால் சட்டை, நெருஞ்சி முள் பாவாடையிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

தலைக்குத் துண்டோ தொப்பியோ. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கரையில் கடை இருக்காது. கையில் ஒரு கம்பு. அது நாய்க்கு, பாதி தைரியத்துக்கு. ஒரு சின்ன இடுக்கி முள் எடுக்க. சாப்பாடு வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் தாளில் கட்டாமல் வாழையிலையில்.

படி 5: கரையில் ஏறியதும் எதைப் பார்ப்பது

புதிதாக வருபவர்கள் தண்ணீரைப் பார்த்து ஒரு படம் எடுத்துவிட்டு, ‘சரி, அவ்வளவுதானே’ என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கரையில் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு கல்தூண். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீருக்குள் ஆளுயரத்துக்கு நிற்கும். இரண்டையும் இணைத்துக் குறுக்குக் கல். குறுக்குக் கல்லின் நடுவே ஒரு துளை. பார்க்க ஊஞ்சல் கழற்றிய கால் மாதிரி இருக்கும். அதற்குப் பெயர் குமிழி. பாண்டிய நாட்டு நீர்ப்பாசனத்தின் மூளை என்று நான் சொல்வேன். தூண்களுக்கு அடியில் கல்லால் ஒரு தொட்டி. தொட்டியின் மேல்பக்கம் ஒரு துளை, நீரோடி. அதற்குக் கீழே தரையோடு தரையாகச் சின்னத் துளைகள், சேறோடி. குறுக்குக் கல்லின் துளை வழியாக ஒரு கழி இறங்கி, நுனியில் உள்ள அடைப்பால் நீரோடியை மூடி நிற்கும். வயலுக்குத் தண்ணீர் வேண்டும்போது ஆள் நீந்திப் போய்க் கழியைத் தூக்குவார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் புதைத்த கல் சுருங்கை வழியாக வெளிவாய்க்கு, அதாவது வயல் பக்கத்துக்குப் போகும். அந்த வேகத்தில் சேறோடித் துளைகள் அடியில் படிந்த வண்டலையும் இழுத்துக்கொள்ளும். கண்மாயும் தூர்ந்து போகாது, வயலுக்கும் உரம். மின்சாரம் கிடையாது, இரும்பு கிடையாது.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் குமிழித் தூண்களில் கல்வெட்டு இருப்பதும் உண்டு. செய்து கொடுத்தவர் பெயரை வெட்டி வைத்திருப்பார்கள். கோடையில் தண்ணீர் இல்லாதபோது, தரை நன்றாகக் காய்ந்திருந்தால், ஊர்க்காரர் ஒருவரோடு கிட்டத்தில் போய்ப் பாருங்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்போ மாவோ பூசிப் படம் எடுக்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானே எழுந்து நிற்கும்.

பல கண்மாய்களில் குமிழி ஓய்வு பெற்றுவிட்டது. கரையை ஒட்டி ஷட்டர் வைத்த மடை வந்துவிட்டது. பழைய தூணில் இப்போது நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

இன்னும் நடந்தால், கரையின் ஒரு முனையில் கலுங்கு வரும். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கல் தளம். அதன்மேல் பல் வரிசை போல நட்ட கற்கள் நிற்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் அடைத்து இன்னும் ஒரு முழம் தண்ணீரைத் தேக்குவார்கள். கலுங்கு வழிந்தால் ‘மறுகால் போகுது’ என்று ஊரே பேசும். வழியும் தண்ணீர் வீணாவதில்லை. ஓடையில் இறங்கி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஊர். மறுகால் போகும் நேரத்தில் கலுங்கின்மேல் நடக்காதீர்கள். பாசி. கணுக்கால் தண்ணீர்தானே என்று தோன்றும்.

அப்புறம் அய்யனார். கரையோரம், பெரும்பாலும் மரத்தடியில். வரிசையாக மண் குதிரைகள். புரவி எடுப்பு நடக்கும் ஊர்களில் புதுக் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பழையதை எடுத்து எறிய மாட்டார்கள், தானாக மண்ணாகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஒரு கண்மாய்க் கரையில் வயிறு உடைந்த ஒரு குதிரையை நான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். உள்ளே வெறும் கூடு. குயவரின் விரல் தடம் உட்புறச் சுவரில் வரிவரியாக அப்படியே இருக்கிறது. அதற்குள் ஒரு ஓணான் குடியிருக்கிறது. கோட்டையும் அரண்மனையும் மட்டும்தான் பழைய சின்னம் என்று நினைத்து வந்தால் இதைத் தவறவிட்டுவிடுவீர்கள். தொட வேண்டாம், உடைந்த துண்டை ஞாபகத்துக்கு என்று எடுக்கவே வேண்டாம். சில அய்யனார் கோயில்களில் பெண்கள் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் போவதில்லை. இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் நடை, திருமயம்

கோட்டை, குடைவரை, குளம், கண்மாய் நாலும் ஒரே ஊரில் நடக்கும் தூரத்தில் கிடைப்பதால் முதல் நடைக்குத் திருமயத்தைத்தான் சொல்வேன். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை, திருச்சி போகும் பேருந்துகள் இந்த வழியாகத்தான் போகின்றன. புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர். ரயில் நிலையமும் உண்டு.

வரிசை முக்கியம். விடிந்ததும் கண்மாய்க் கரை. எட்டு மணிக்குக் கோயில். கோட்டை கடைசி, தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் ஒன்பது மணி வாக்கில்தான் திறப்பார்கள், சீட்டு வாங்க வேண்டும். மாற்றிச் செய்தால் கோட்டை வாசலில் காத்திருக்க நேரும், அதற்குள் கோயில் நடையும் சாத்திவிடுவார்கள்.

கரையில் நடக்கும்போது கோட்டையைத் திரும்பித் திரும்பிப் பாருங்கள். பாறை தனியாகத் தெரியாது, மதில் தனியாகத் தெரியாது. இரண்டும் ஒரே நிறம். காற்று இல்லாத காலையென்றால் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கோட்டை இருக்கும். நாரை ஒன்று இறங்கினால் கலைந்துவிடும்.

குன்றின் தென்சரிவில் இரண்டு குடைவரைக் கோயில்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று சத்தியகிரீஸ்வரர், ஒன்று சத்தியமூர்த்திப் பெருமாள். பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் மிகப் பெரியவர். ஒரே பார்வையில் முழுவதும் பார்க்க முடியாது, தலையிலிருந்து பாதம் வரை கண்ணைக் கொண்டுபோக வேண்டும். பெருமாள் கோயிலின் திருக்குளம் எண்கோண வடிவம். அதன் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். இரண்டு கோயிலாருக்கும் நடுவே நீண்ட நாள் இருந்த சண்டையை 1245இல் அப்பண்ணன் என்ற போசள (ஹொய்சாள) அரசின் தளபதி பேசித் தீர்த்து வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பக்கத்து வீட்டுத் தகராறு எண்ணூறு வருடமாகக் கல்லில் நிற்கிறது. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊரும் இதுதான். பெருமாள் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கோட்டையை இராமநாதபுரம் சேதுபதி கிழவன் சேதுபதி 1687இல் கட்டினார். ஊமைத்துரையை நினைத்து ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். ஏழு சுற்று மதில் இருந்தது என்பார்கள். இப்போது நாலுதான் தேறும். ஏறுவது கஷ்டமில்லை, பாறையில் வெட்டிய படியும் சரிவும். பாதி ஏற்றத்தில் பெரிய பாறையின் இடுப்பில் சின்னதாக ஒரு சிவன் குடைவரை இருக்கிறது. இரும்பு ஏணி வழியாகத்தான் போக முடியும். உயரம் என்றால் கிறுகிறுக்கும் ஆட்கள் கீழே நின்றே கும்பிட்டுக்கொள்ளலாம். உச்சியில் ஒரு பீரங்கி. பீரங்கியின்மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

உச்சியில் நின்று, காலையில் நடந்த கரையைத் தேடுங்கள். பிறை வளைவு, கரை மரங்களின் வரிசை, அந்தப் பக்கம் வயல் கட்டம், தூரத்தில் அடுத்த கண்மாய், அதற்கப்பால் இன்னொன்று பளபளக்கும். வீட்டில் கைப்பேசியில் பார்த்த படம்தான். காவல் வைப்பதற்கு இந்தக் குன்றை ஏன் பிடித்தார்கள் என்று அங்கே நின்றால் விளங்கிவிடும். கீழே இருக்கும் நெல்லும் தண்ணீரும் மொத்தமாகக் கண்ணுக்குள் அடங்கும்.

இறங்கி வரும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் கோட்டை மதிலோடு ஒட்டிய பைரவர் சந்நிதி. லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். ஷூவைக் கட்டும் சாக்கில் அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தால் கால் வலி குறையும்.

படி 7: இரண்டாம் நடை, கானாடுகாத்தான்

இது தெரு நடை. கண்மாய்க்கு வந்த தண்ணீரைப் பார்த்தாயிற்று, இனி வீட்டிலிருந்து கிளம்பும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். செட்டிநாடு என்ற பெயரில் ரயில் நிலையமே இந்த ஊருக்குத்தான்.

நகரத்தார் ஊர்கள் ஆதியில் 96 என்று கணக்கு, இப்போது எழுபத்துச் சொச்சம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் இடம்பெற்றன. கானாடுகாத்தானில் தெருக்கள் ஒன்றையொன்று நேராக வெட்டும். ஒரு தெருவில் முகப்பு இருந்தால் அடுத்த தெருவில் அதே வீட்டின் பின்வாசல். தெருவைவிட வீட்டின் தளம் உயரம். காவிரிப்பூம்பட்டினத்தில் வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்கள், அதனால் உயர்த்திக் கட்டினார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

ஓட்டுக் கூரையைப் பாருங்கள். எல்லாச் சரிவும் உள்முற்றத்தை நோக்கி. வளவில் விழும் மழையை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைச் சாக்கடையோடு கலக்காமல் தெருக் கால்வாயில் விடுவார்கள். அது ஊருணிக்குப் போகும். தெரு ஓரத்துக் கால்வாயின் சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கமே நடங்கள். பல இடத்தில் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள், விட்ட இடத்தில் மறுபடி பிடிக்கலாம். ஊருணியில் போய்த்தான் நிற்பீர்கள்.

வழியில் பூட்டிய வீடுகள் வரும். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அங்கே வட்டிக்கடை வைத்திருந்தவர்களின் சொத்தெல்லாம் கைவிட்டுப் போனது. பர்மாத் தேக்கு வாங்கி வந்து கட்டிய வீடுகள் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் பங்காகி, ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். சில வீடுகளில் தூணும் நிலையும் விற்றுப் போய் வெறும் சுவர் நிற்கிறது. அந்தச் சுவரின் பூச்சைக் கிட்டத்தில் பாருங்கள். சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக் கரு சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்தது. கூரை போய் நாற்பது மழை பார்த்த பூச்சிலும் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். மேலே அரசமரக் கன்று வேர் விட்டிருக்கும்.

உள்ளே போகாதீர்கள். பூட்டு இல்லாவிட்டாலும் அது ஒருவர் வீடு. மழைக்குப் பிறகு சுவர் எப்போது உட்காரும் என்று சொல்ல முடியாது. கதண்டு கூடு கட்டியிருக்கும். அது கொட்டினால் ஆஸ்பத்திரிதான். திண்ணையில் ஆச்சி யாராவது உட்கார்ந்திருந்தால், “வணக்கம் ஆச்சி, ஊருணிக்கு எப்படிப் போறது?” என்று கேளுங்கள். வழி சொல்வார்கள், எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா என்று விசாரிப்பார்கள், பாதி நாள் உள்ளே கூப்பிட்டு வளவையும் காட்டுவார்கள். கூப்பிடாவிட்டால் கேட்காதீர்கள்.

படி 8: கால் பழகிய பிறகு

குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் ஒரு காலையில் முடியும். குன்றக்குடியில் சின்னக் குன்றின்மேல் முருகன், அடிவாரத்தில் குடைவரைகள். பிள்ளையார்பட்டியில் குடைவரைக்குள் வலம்புரித் தும்பிக்கையோடு கற்பக விநாயகர், கோயிலுக்கு முன்னால் திருக்குளம். தைப்பூசத்துக்கு முன் வந்தால் தனியாக நடக்க வேண்டியதில்லை. நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்துதான் போகும்.

பறவை பார்க்க வேட்டங்குடி. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில், கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடியும் சேர்ந்த மூன்று கண்மாய்களை 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். மார்கழி, தையில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் சாம்பல் நாரையும் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கும். கூட்டில் குஞ்சு இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே நடக்கும்போது வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். கைப்பேசிச் சத்தத்தை அணைத்துவிடுங்கள். அதே திருப்பத்தூரில்தான் மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்டார்கள். நினைவிடம் பேருந்து நிலையத்திலிருந்து கிட்டத்தான், பார்த்துவிட்டு வரலாம்.

திருக்கோஷ்டியூர் தெப்பக்குளத்தை மாசி மகத்தன்று பாருங்கள். கரையைச் சுற்றி அகல் விளக்காக இருக்கும். கூட்டம் அதிகம், நடை குறைவு.

கிளம்பும் முன் கடைசியாக

கண்மாய் மீன் குத்தகைக்கு விட்டிருக்கும். தூண்டில் போடாதீர்கள், காவல்காரர் சத்தம் போட்டால் அவர் பக்கம்தான் நியாயம். மடை ஷட்டரைத் திருகிப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும், கையைத் தட்டிவிடுங்கள். ஒரு சுற்றுத் திருகினால் யாரோ ஒருவருடைய முறைத் தண்ணீர் போய்விடும். நீச்சல் தெரிந்தாலும் கண்மாயில் குளிக்க இறங்க வேண்டாம். மண் அள்ளிய குழிகள் உள்ளே இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

நடை முடிந்ததும் சாலை முக்கில் ஒரு டீக்கடை இருக்கும். டீ சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் திருப்பிப் பாருங்கள். முள்ளின் தலை ஒடிந்து, கருப்புப் புள்ளி மட்டும் தெரியும். இடுக்கியால் இப்போதே பிடுங்கிவிடுங்கள். விட்டால் வீட்டுக்குப் போய் நாலு நாள் கழித்து, மாடிப்படி ஏறும்போது குத்தும்.